பின் அறைக் கனடா

தலையில் வெள்ளைப் படுக்கை விரிப்புகளின் மூட்டை, தோளில் இரண்டு விளக்குக் கால்கள், முழங்கையில் வயர்ச் சுருள். இந்தக் கோலத்தில் கண்டி ஹந்தானை வீதியில் நான் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம் கழிந்திருந்தது. மலைப் பக்கம் மழை கறுத்து நின்றது. வீதியின் இரு பக்கமும் மின்கம்பத்துக்கு மின்கம்பம் நூல் இழுத்து வெள்ளைக் கொடிகள் தொங்கவிட்டிருந்தார்கள். செத்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வழி காட்டும் கொடிகள். அவை காட்டிய வீட்டிலிருந்துதான் நான் வந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டில் யாரும் சாகவில்லை.

வளைவில் த்ரீவீலர் தரிப்பிடம். ஊர் மரண உதவிச் சங்கத்தின் சார்பில் கொடி கட்டிய சாரதி அங்கே நின்றார். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். மரியாதை எனக்கல்ல, வெள்ளை மூட்டைக்கு.

"அண்ணே, அடக்கம் எத்தன மணிக்கு?"

"அடக்கம் இல்ல தம்பி. யாரும் சாகல."

"அப்ப அந்த வீட்டு மக?"

"டீ ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்காங்க."

அவருடைய முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. "கொடி கட்டிட்டோமே அண்ணே" என்றார்.

"கழட்டிட்டாப் போச்சு."

"கழட்டுற வழக்கம் சங்கத்துல இல்ல. கட்டுறதோட நம்ம வேல முடிஞ்சிரும். மழைக்கும் காத்துக்கும் தானாக் கிழியணும்."

ஆகவே அந்தப் பெண்ணுக்குக் கட்டிய கொடிகள் அதற்குப் பிறகும் பல வாரம் அந்த வீதியில் ஆடிக்கொண்டிருந்தன. அவள் அவற்றுக்குக் கீழேதான் போய்வந்தாள்.

இதை இப்போது எழுதக் காரணம், மஹய்யாவவில் என் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சில இளைஞர்கள். கைத்தொலைபேசியில் குறும்படம் எடுக்கிறார்கள். அவர்களிடம் வளையல் மாதிரி ஒரு விளக்கு இருக்கிறது. ஒரு விரலில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் தோள்பட்டையில் தழும்பு வரச் சுமந்த சாமான் அவர்களுக்கு ஒரு விரல். அவர்கள் நடத்தும் சிறு இதழுக்கு, நான் வேலை செய்த படங்களில் முக்கியமானது எது என்று எழுதித் தரச் சொன்னார்கள். "ஓய்வுபெற்ற ஒளியமைப்பாளர்" என்று என் பெயருக்கு முன்னால் போடப் போகிறார்களாம். போடட்டும். என்னைப் போன்றவர்கள் ஓய்வு பெறுவதில்லை. கூப்பிடுவது நின்றுபோகிறது, அவ்வளவுதான்.

என் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தேன். எட்டாம் வகுப்புவரை பள்ளிக்கூடத்தில் இருந்தேன். படித்தேன் என்று சொல்லவில்லை. பிறகு பேராதனைக்கு வரும் பஸ்ஸில் ஏறி இறங்காமல் கண்டிக்கே வந்துவிட்டேன். பேக்கரியில் பாண் தட்டுக் கழுவினேன், லொறி கழுவினேன், ஹேவாஹெட்டையில் மரக்கறி மூட்டை ஏற்றினேன், கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். கழுவுகிற வேலைதான் அதிகம். ஒரு கலியாண வீட்டில் சுவர் ஓரமாக நின்றபோது வீடியோக்காரர் என் கையில் ஒரு விளக்கைத் தந்து "ஆடாமப் பிடி" என்றார். அன்றிரவு வரை ஆடாமல் பிடித்தேன். தொழிற்பயிற்சி அவ்வளவுதான்.

கலியாண வீடியோவில் இருந்து தொலைக்காட்சி நாடகத்துக்குப் போனேன். அங்கே மாமியார் அழும்போது வெளிச்சம் கீழே இருந்து வரவேண்டும், மருமகள் அழும்போது மேலே இருந்து. இதை மாற்றிப் போட்டதற்காகத் தலைமை லைட்காரர் ஒருமுறை என் பிடரியில் அடித்தார். இரண்டு பேரும் ஒரே காட்சியில் அழுதால் என்ன செய்வது என்று கேட்டதற்கும் அடித்தார்.

கடைசியாகச் செய்த படம்தான் ஹந்தானை வீட்டுப் படம். அதன் இயக்குநர் அகிலன். அவருடைய அப்பா ஓய்வுபெற்ற அரசாங்க இஞ்சினியர். யாழ்ப்பாணத்து ஆட்கள், கண்டிக்கு மாற்றலாகி வந்து வீடு கட்டிக்கொண்டு இருந்துவிட்டவர்கள். அகிலன் வெளிநாட்டில் சினிமா படித்துவிட்டு வந்திருந்தார். எடுக்கப்போவது பரிசோதனைப் படம் என்றார். யாரைப் பரிசோதிப்பது என்று நான் கேட்கவில்லை. ஒரு வீட்டில் மகளுக்கு மனநோய். பெற்றோர் அவளை ஊர் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கிறார்கள். பொய்க்கு மேல் பொய் சொல்லிக் குடும்பமே சிதைந்துபோகிறது. இதுதான் கதை. படத்துக்குப் பெயர் இல்லை. பெயர் வைத்தால் அர்த்தம் வந்துவிடுமாம்.

பணம் இல்லாததால் சொந்த வீட்டிலேயே எடுத்தார். கமெராவை அவரே பிடித்தார். அம்மா வேடத்தில் அவருடைய அம்மா. மகளாக நடிக்கக் கொழும்பிலிருந்து ஷாலினி என்று ஒரு நடிகை வந்திருந்தார். நடிக்க மறுத்த அப்பாவிடம், தும்புத்தடி எனும் நீளத் துடைப்பத்தின் முனையில் கட்டிய மைக்கைக் கொடுத்தார்கள். இஞ்சினியர் ஐயா அதைத் தலைக்கு மேலே தூக்கிப்பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் மற்றவர்கள் பேசுவதை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அகிலன் "அக்‌ஷன்" சொல்லமாட்டார். "கட்"டும் சொல்லமாட்டார். வாழ்க்கையில் யார் கட் சொல்கிறார்கள் என்று என்னிடமே கேட்டார். வலது கையை உயர்த்துவார், அது கீழே இறங்கும் வரை நடிக்கிறவர்கள் நிறுத்தக்கூடாது. சில நேரம் யோசனையில் ஆழ்ந்து கையை இறக்க மறந்துவிடுவார். அவருடைய அம்மா ஒரு வாழைக்காயை நறுக்கி முடித்து, அடுத்ததை நறுக்கி, கடைசியில் அன்றைக்குத் தேவையில்லாத பூசணிக்காயையும் நறுக்கிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அன்று மத்தியானம் எல்லோருக்கும் பூசணிக்காய்.

மின்வெட்டுக் காலம் அது. என் விளக்குகள் மூலையில் நின்றன. ஜெனரேட்டர் இருந்தது, அதற்கு ஊற்ற எண்ணெய் இல்லை. ஆகவே வெயிலை வைத்துத்தான் எடுத்தோம். கண்டி வெயிலை நேராக முகத்தில் விட்டால் மூக்கு நிழல் வாய்க்குள் விழும். நடுவில் மெல்லிய வெள்ளைத் துணி வேண்டும். அதற்கென்று சட்டம் போட்ட துணிகள் உண்டு, எங்களிடம் அந்த வீட்டு அலுமாரியில் இருந்த படுக்கை விரிப்புகள்தான் உண்டு. அவற்றை நீலம் போடாமல் துவைக்கவேண்டும், நீலம் பட்டால் முகம் பிணமாகத் தெரியும். அடி ஓரத்தை நனைத்துக் கட்டவேண்டும், இல்லாவிட்டால் காற்றில் அடித்துச் சுவரில் வெளிச்சம் ஓடும். விறாந்தை முழுக்கக் கட்டினேன். எதிர் வீட்டுத் தகரக் கூரையிலிருந்து வெயில் தெறித்ததால் வாசல் கேற்றுவரை வேலியோரமாகவும் கட்டச் சொன்னார், கட்டினேன். வீட்டுக் கதிரைகள் எல்லாம் காட்சிக்குள் இருந்தபடியால் நாங்கள் உட்கார வாடகைக்கு பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. சாப்பிட முற்றத்தில் ஒரு கூடாரம். இவ்வளவையும் சேர்த்து வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. படம் எடுக்கிறவர்கள் உள்ளே இருந்துதான் பார்ப்பார்கள்.

அந்த வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். குசினியில் எங்களுக்கெல்லாம் சமைத்தாள். சமையலுக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளை என்று அகிலன் சொன்னார். நானும் நம்பினேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ குசினி வாசலில் விரிப்பு பிழிந்துகொண்டிருந்தபோது கேட்டேன்.

"தங்கச்சி, நீங்க இவங்களுக்கு என்ன முறை?"

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "நானோ? நான்தான் இந்தப் படம்."

பெயர் வதனா. அகிலனின் சொந்த அக்கா. கம்பஸில் படிக்கும்போது மனநோய் வந்து, படிப்பு நின்று, பல வருடம் பின் அறையில் இருந்திருக்கிறாள். இப்போது மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் தானே போய் மருந்து எடுக்கிறாள். காலையில் ஒரு குளிசை, இரவில் ஒன்று.

"அப்ப வெளிய யாருக்கும் தெரியாதா?"

"நான் கனடாவில அண்ணை. வருத்தம் வந்த வருஷமே அப்பா என்னைக் கனடாவுக்கு அனுப்பிட்டார், சித்தி வீட்டுக்கு. ரோட்டில ஆரும் கேட்டா அங்க சரியான குளிராம் எண்டு அம்மா சொல்லுவா. கிளினிக்குக்குப் போகேக்க குடையை முகத்துக்கு நேர பிடிச்சுக்கொண்டு போவன். மழை இல்லாட்டியும்."

குடும்பத்தின் பொய்யைத் தோலுரிக்கும் படம் எடுத்துக்கொண்டிருந்த அகிலனும், கேற்றில் யாராவது வந்து அக்காவை விசாரித்தால் "அவ கனடாவில, நல்லா இருக்கிறா" என்பார். சொல்லிவிட்டு உள்ளே வந்து கையை உயர்த்துவார்.

ஷாலினி நல்ல பிள்ளை, தொழிலில் அக்கறை. உண்மை தெரிந்ததும் நேரே குசினிக்கு வந்து ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து வதனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, உங்களுக்கு ரொம்ப முடியாம இருந்த நேரத்துல எப்படி உட்காருவீங்க?"

"கதிரையில."

"இல்ல, கையெல்லாம் எப்படி வச்சிருப்பீங்க?"

"ரெண்டையும் வச்சிருப்பன்."

அன்று எடுத்த காட்சியில் ஷாலினி மேசைக்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்து சுண்ணாம்புக் கட்டி கடிக்கவேண்டும். வதனா தேத்தண்ணித் தட்டோடு வந்து பார்த்துவிட்டு நின்றாள்.

"தம்பி, நான் ஒருநாளும் மேசைக்குக் கீழ இருக்கேல்லையே."

"அக்கா, இது குறியீடு. இது உன்ர நோய் இல்லை, சமூகத்தின்ர நோய்."

"அப்ப சமூகத்தைக் கூப்பிட்டு மேசைக்குக் கீழ இருத்து. அந்தப் பிள்ளைக்கு இடுப்பு நோகுது."

பிறகு என்னிடம் சொன்னாள்: "எனக்கு வருத்தமா இருக்கேக்க நான் கத்தவுமில்லை, சுண்ணாம்பு தின்னவுமில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தன். சீப்பால தலை இழுக்கக்கூட ஏலாது. நாள் முழுக்க அப்பிடியே. அதை எப்பிடிப் படம் எடுக்கிறது? ஆரும் காசு குடுத்துப் பாப்பினமோ?"

படப்பிடிப்பின் கடைசி நாள் ஞாயிறு. மறுநாள் திங்கள் வதனா வேலைக்குப் போவதாக இருந்தாள். கிளினிக்கிலிருந்து வரும்போது டவுனில் ஒரு ஹாஜியாரின் பலசரக்குக் கடையில் சாமான் வாங்குவது அவள் வழக்கம். கடையில் நின்ற பெண் கலியாணமாகிப் போய்விட, "மகள், நீங்க வாறீங்களா?" என்று அவர் கேட்டிருக்கிறார். அவள் ஆர், எவள் என்று கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் வேலை. புடவை ஒன்றைத் தேய்த்துக் கதிரை முதுகில் போட்டு வைத்திருந்தாள். அதற்காகச் சனிக்கிழமை வீட்டில் நடந்த சண்டையில் நானும் இருந்தேன். லைட்காரன் நிற்பதை யாரும் கவனிப்பதில்லை, அலுமாரி நிற்பது மாதிரித்தான்.

"கனடாவில இருக்கிற பிள்ளை எப்பிடிக் கண்டியில கொத்தமல்லி நிறுக்கிறது?" என்று இஞ்சினியர் ஐயா கேட்டார். "ஊருக்கு நான் என்ன சொல்ல?"

"நான் திரும்பி வந்திட்டன் எண்டு சொல்லுங்கோ."

"கனடாவில இருந்து வந்தவள் கடையில நிப்பாளோ? அவளவையள் கடை வாங்குவாளவை!"

அம்மா நடுவில் அழுதார். "கொஞ்ச நாள் பொறு பிள்ளை, ஒரு ஆறு மாசம்" என்றார். அந்த ஆறு மாதம் பல வருடமாக நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அகிலன் மட்டும் யார் பக்கமும் பேசவில்லை. "அம்மா, இப்ப அழுத மாதிரி நாளைக்கு அழவேணும். இதை வச்சிருங்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக் காட்சி, மகள் செத்த பிறகு தாய் வெறும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பது. காலையிலேயே கட்டிலை ஹோலுக்குக் கொண்டுவந்து வாசலுக்கு நேரே போட்டோம். வாசல் கதவு வெளிச்சத்துக்காகத் திறந்து கிடந்தது. அகிலன் கையை உயர்த்தினார். அம்மா தொடங்கினார். என் தொழிலில் நான் எத்தனையோ அழுகைக்கு வெளிச்சம் பிடித்திருக்கிறேன், அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. "என்ர குஞ்சே, என்ர ராசாத்தி, உன்னை ஒருதருக்கும் காட்டாமல் வச்சிருந்தனே" என்று அவர் எழுப்பிய குரல் எதிர்த் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. 

வெள்ளைச் சீலை, பிளாஸ்டிக் கதிரை, கூடாரம், இப்போது ஒப்பாரி. கண்டியில் இதற்கு மேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? சங்கம் காலையிலேயே சந்தியிலிருந்து கொடி கட்டத் தொடங்கிவிட்டது என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மா இரண்டாம் தடவை மூச்செடுத்தபோது கேற்றால் ஆட்கள் வந்தார்கள். முன்னால் பக்கத்து வீட்டுப் பத்மா அன்ரி, ஓய்வுபெற்ற டீச்சர், வெள்ளைச் சேலையில். பின்னால் வீதியே வந்தது. ஒருவர் கையில் மலர்வளையம்.

பத்மா அன்ரி நேரே வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார். அம்மா திடுக்கிட்டு மகனைப் பார்த்தார். மகனின் கை இன்னும் உயர்ந்துதான் இருந்தது. அவருடைய கண்கள் கமெராவுக்குப் பின்னால் பளபளத்தன. "ஓடட்டும், ஓடட்டும்" என்று வாயசைத்தார். கை இறங்கும்வரை நிறுத்தக்கூடாது என்று பழகியிருந்த அம்மா தொடர்ந்து அழுதார்.

"அழாதைங்கோ அக்கா" என்றார் பத்மா அன்ரி. "அந்தப் பிள்ளையும் பட்டது போதும், நீங்களும் பட்டது போதும். இனியெண்டாலும் நிம்மதியா இருங்கோ."

கூடாரத்துக் கதிரையில் அமர்ந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "கனடாவில இருந்து பிரேதம் எப்ப வந்தது?"

"என்ன கனடா? பிள்ளை பின் அறையிலதானே இருந்தது. ரோட்டுக்கே தெரியும்."

"அது எனக்கும் தெரியும். ஒரு மரியாதைக்குக் கேட்டனான்."

ஐயா தும்புத்தடியைக் கீழே விட்டுவிட்டார். இத்தனை வருடம் அந்த வீட்டுக்காரர் சொன்ன பொய்யை வீதி முழுக்க நம்புவது போல நடித்திருக்கிறது. ஒருவரும் ஒரு வசனம் பிசகவில்லை. கொழும்பிலிருந்து நடிகையைக் கொண்டுவந்த செலவு வீண்.

அப்போதுதான் குசினியிலிருந்து வதனா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். எங்களுக்கு வழக்கமாகத் தரும் நேரம் அது. கூட்டத்தைப் பார்த்தாள், மலர்வளையத்தைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். "நிம்மதியா இருங்கோ" என்பது அவள் காதில் விழுந்திருந்தது, அது முகத்தில் தெரிந்தது. தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"ஆக்கள் இவ்வளவு பேர் எண்டு தெரியாது" என்றாள். "கொஞ்சம் பொறுங்கோ, இன்னும் தண்ணி வைக்கிறன்."

பத்மா அன்ரி அம்மாவை விட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார்.  ஐயாதான் முதலில் சமாளித்தார். "வதனா… கனடாவில இருந்து நேற்றுத்தான் வந்தவ" என்றார். அந்த நேரத்திலும் அவர் பாடத்தை மறக்கவில்லை.

அகிலன் கையை இறக்கினார். எங்கள் எல்லோரையும் விட அவர்தான் பதற்றமாக இருந்தார். "ஐயோ, போக்கஸ் போயிட்டுது! அருமையான இடம்! எல்லாரும் ஒருக்கா வெளியில போய்த் திருப்பி உள்ளுக்கு வாறீங்களா? அன்ரி, நீங்கள் அதேமாதிரி அம்மாவைக் கட்டிப்பிடிச்சு அதையே சொல்லுங்கோ. அக்கா, நீ தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போ."

நம்பினால் நம்புங்கள், போனார்கள். செத்த வீட்டில் நில் என்றால் நிற்பதும் போ என்றால் போவதும்தான் பழக்கம். கேற்றுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். மலர்வளையக்காரர் வாடிய பூ ஒன்றைப் பிய்த்துப் போட்டார். பத்மா அன்ரி சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கண்ணை ஒற்றி, இரண்டாம் தடவைக்கு ஆயத்தமானார். முதல் தடவையை விட நன்றாகச் செய்யும் எண்ணம் அவருக்கு இருந்தது.

வதனா அசையவில்லை.

"அக்கா, தட்டு."

"ஒரு நாளைக்கு ஒருக்காச் செத்தாக் காணும் தம்பி."

"இது முக்கியமான காட்சி அக்கா. உனக்காகத்தான் இந்தப் படமே."

"எனக்காக எண்டா நாளைக்கு நான் வேலைக்குப் போறன் எண்டு அப்பாட்டச் சொல்லு. அதை ஒருக்காச் சொல்லு. போக்கஸும் தேவையில்லை."

அகிலன் கமெராவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். வதனா என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, அந்தச் சீலையளைக் கழட்டுங்கோ."

இத்தனை வருடத்தில் லைட்காரனுக்கு உத்தரவு கொடுக்க இயக்குநருக்கும் கமெராக்காரருக்கும் மட்டும்தான் உரிமை என்று நடந்தவன் நான். இங்கே இரண்டும் ஒரே ஆள், அந்த ஆள் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் ஏணியை எடுத்துவந்து வைத்தேன். விறாந்தைச் சீலையை அவிழ்த்தேன், பிறகு வேலியோரச் சீலைகளை ஒவ்வொன்றாக. கடைசிச் சீலை விழுந்ததும் வெயில் விறாந்தையில் அடித்தது. கேற்றில் நின்ற வீதி முழுக்க வதனாவைப் பார்த்தது. அவள் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தாள்.

"உள்ளுக்கு வா பிள்ளை" என்றார் ஐயா. அவள் போகவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹாஜியார் வந்தார். எங்கள் சாப்பாட்டுச் சாமான் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் போனது. செய்தி அப்படித்தான் அவருக்கு எட்டியிருந்தது. தோளில் ஒரு சீனி மூட்டை. அவளைக் கண்டதும் மூட்டையை இறக்கிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லாஹ்! மகள், நீங்க உசிரோட ஈக்கிறீங்க தானே! உங்களுக்கெண்டு கடையப் பூட்டிப்போட்டு வந்தீக்கிறேன்."

"நாளைக்குத் திறப்பீங்கள் தானே ஹாஜியார்?"

"தொறக்காம?"

ஐயா குறுக்கே வந்தார். "அவ நாளைக்குக் கனடாவுக்குத் திரும்பிப் போறா."

"கனடாவுக்கா?" ஹாஜியார் உண்மையாகவே குழம்பிப்போனார். "போன கிழமையும் மிளகு வாங்கின மகள் தானே இது?"

கேற்றில் யாரோ சிரித்தார்கள். ஒரு சிரிப்புக்குப் பிறகு இன்னொன்று. ஐயாவின் முகம் சுண்டியது.

"நாளைக்கு வாறன் ஹாஜியார்" என்றாள் வதனா.

"இந்தக் கேற்றைத் தாண்டி எப்பிடிப் போறாய் எண்டு பாப்பம்" என்றார் ஐயா. பதவியில் இருந்தபோது அவர் ஊழியர்களுக்குப் போட்ட குரல் அதுவாக இருக்கவேண்டும்.

அகிலன் என்னிடம் வந்தார். "உங்களை ஆர் கழட்டச் சொன்னது? படமே கெட்டுப்போச்சு."

"சார், நான் லைட்காரன். செத்த வீட்டுக்குச் சீலை கட்ட வேற ஆள் இருக்காங்க. இந்த ரோட்டுல ஒரு சங்கமே இருக்கு."

இனிமேல் வரவேண்டாம் என்றார். இனிமேல் என்பதற்கு அந்தப் படத்தில் ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் சொன்னார். விரிப்புகளைத் துவைத்துத் தருவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு இறங்கினேன். படம் பிறகு வெளிநாட்டில் எங்கேயோ காட்டப்பட்டதாம். அதில் இருட்டு மிக நன்றாக வந்திருப்பதாக எழுதினார்களாம். நான் பார்க்கவில்லை.

திங்கள் காலை எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத காலையில் நடந்து பழகியவன், நடந்தேன். ஹாஜியாரின் கடைப்பக்கம் வந்துவிட்டேன். தற்செயலாக என்று எழுதலாம், அது பொய். ஊரே பார்க்க வந்திருந்தது, நானும் பார்க்கத்தான் வந்தேன். பத்மா அன்ரி, மலர்வளையக்காரர், கூடாரத்துப் பெரியவர், சங்கத்துச் சாரதி, இன்னும் எனக்குத் தெரியாத பலர், கடை வாசலிலிருந்து நடைபாதைவரை.

தராசுக்குப் பின்னால் வதனா. தேய்த்த புடவையின் கீழ்க்கரையில் பாசி அப்பியிருந்தது.

"கேற் பூட்டிக் கிடக்கு" என்றாள் என்னைக் கண்டதும். "பின் மதிலால வந்தனான். இந்தப் பக்கம் அம்மா கதிரை பிடிச்சவ. அங்கால பத்மா அன்ரி பிடிச்சவ."

பத்மா அன்ரி நெஞ்சை நிமிர்த்தினார். செத்தவள் மதிலேறுவதை மிகக் கிட்டத்தில் நின்று பார்த்தவர் அவர்தான். அந்த உரிமையில் வரிசையில் முதலாவதாக நின்றார். ஆனால் பலசரக்குக் கடைக்குள் வந்து ஒருவரைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது. எதையாவது கேட்கவேண்டும்.

"கொத்தமல்லி நூறு கிராம் பிள்ளை."

வதனா நிறுத்தாள், சுற்றிக் கொடுத்தாள். "வேற?"

"வேற…" பத்மா அன்ரி அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை நடுங்குமா என்று பார்த்தார் போல. நடுங்கவில்லை. "சீரகமும் தாவன்."

கூடாரத்துப் பெரியவர் தேயிலை வாங்கினார். மலர்வளையக்காரர் அரிசி வாங்கினார். பின்னால் நின்ற ஓர் அம்மா மற்றவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்: "கனடாவில இருந்து எப்ப வந்தனீங்கள் பிள்ளை?"

 ஹாஜியார்கூட கணக்குப் போடுவதை நிறுத்தினார்.

"நேற்று மத்தியானம்" என்றாள் வதனா. "உங்களுக்குச் செத்தல் மிளகாய் எவ்வளவு?"

அந்த அம்மா கால் கிலோ வாங்கினார். வரிசை நகர்ந்தது. பின்னால் இன்னும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். கொத்தமல்லிச் சாக்கு அடி தெரிந்தது.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். "லைட் தம்பி, சும்மா நிண்டு பாக்கிறதுக்கு இங்க எடம் இல்ல. வேலை இல்லாட்டி உள்ளுக்குப் போய் மூட்டையத் தூக்கிட்டு வாங்க, சரக்கு முடியுது."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனேன்.